இரட்டையின் திருப்புத்திறன்: மூலைவிட்டத்தால் பெருக்கினால் விடை ஏன் மாறுகிறது?

கேள்வி – பொறியியல் முதலாண்டு மாணவி, காட்பாடி

அனைவருக்கும் வணக்கம். 400 மி.மீ. நீளமும் 300 மி.மீ. உயரமும் உள்ள செவ்வகத் தகட்டின் வலது மேல் மூலையில் 250 நியூட்டன் விசை இடப்புறமாக மேல்நோக்கிச் சாய்ந்து செயல்படுகிறது. இடது கீழ் மூலையில் அதே அளவு விசை நேர் எதிர்த் திசையில் செயல்படுகிறது. இப்படிச் சமமாகவும் எதிரெதிராகவும் வெவ்வேறு இணைகோடுகளில் செயல்படும் விசைச் சோடியே இரட்டை; அதன் திருப்புத்திறனை, அதாவது பொருளைச் சுழற்றும் திறனைக் காண வேண்டும். சாய்வு, கிடைமட்டத்தில் 4 அலகுக்குச் செங்குத்தில் 3 அலகு. மூலைவிட்டம் 0.5 மீட்டர் என்பதால் 125 நியூட்டன் மீட்டர் வருகிறது. புத்தகம் 120 என்கிறது. மேலும், இரட்டையின் திருப்புத்திறன் எந்தப் புள்ளியைப் பற்றி எடுத்தாலும் ஒன்றே என்பது எப்படி? விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 – இயக்கவியல் ஆசிரியர், வேலூர்

அன்புள்ள மாணவிக்கு, பெருக்க வேண்டியது விசைகள் செயல்படும் புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவை அன்று, அவற்றின் செயல்கோடுகளுக்கு (விசைகள் செயல்படும் திசையில் நீளும் நேர்கோடுகளுக்கு) இடையே உள்ள செங்குத்துத் தொலைவை. இங்கே விசை மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக இல்லை. ஆகவே அத்தொலைவு 0.5 மீட்டரைவிடச் சற்றுக் குறைவு.

அதைப் படத்தில் தேடி அளப்பதைவிட விசையைக் கூறுகளாகப் பிரிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கிடைமட்டக் கூறு 200, செங்குத்துக் கூறு 150 நியூட்டன். மேலே இடப்புறம் 200, கீழே வலப்புறம் 200, இடைவெளி 0.3 மீட்டர்: இடஞ்சுழியாக 60. வலப்பக்கம் மேல்நோக்கி 150, இடப்பக்கம் கீழ்நோக்கி 150, இடைவெளி 0.4 மீட்டர்: இதுவும் இடஞ்சுழியாக 60. கூட்டினால் 120 நியூட்டன் மீட்டர். இதை 250ஆல் வகுத்தால் 0.48 மீட்டர், நீங்கள் தேடிய செங்குத்துத் தொலைவு அதுதான்.

இரண்டாவது ஐயத்துக்கு, இடது கீழ் மூலைக்கு 1 மீட்டர் இடப்புறம், அதே மட்டத்தில் ஒரு புள்ளியைக் கொள்ளுங்கள். வலது மூலையின் செங்குத்துக் கூறு அப்புள்ளியைப் பற்றி 150 × 1.4 = 210, அதன் கிடைமட்டக் கூறு 200 × 0.3 = 60, இடது மூலையின் செங்குத்துக் கூறு எதிர்ச்சுழியாக 150; மொத்தம் மீண்டும் 120. புள்ளியை நகர்த்தும்போது ஒரு விசை கூடுதலாகத் தருவதை அதற்குச் சமமான எதிர் விசை அப்படியே கழித்துவிடுகிறது. தொகுவிசை சுழி என்பதே இதற்குக் காரணம். 1803இல் வெளிவந்த தம் நிலையியல் நூலில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூயி புவான்சோ இரட்டையைத் தனி உறுப்பாகவே எடுத்தாண்டது இந்தப் பண்பின் வலிமையால்தான்.

பதில் 2 – கருவிப் பட்டறை, ராணிப்பேட்டை

டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) கொண்டு மரை வெட்டுகிறவர்களுக்கு இது அன்றாட உண்மை. 300 மி.மீ. கைப்பிடியின் இரு முனைகளையும் 40 நியூட்டன் வீதம் எதிரெதிராகத் தள்ளினால் 12 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். ஒரே முனையில் 80 நியூட்டன் கொடுத்தாலும் டேப்பின் அச்சைப் பற்றி அதே 12 வரும். ஆனால் அந்த 80 நியூட்டனும் பக்கவாட்டு விசையாக டேப்பின் மேல் மிஞ்சும். மெல்லிய டேப்புகள் முறிவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். ஆகவே, திருப்புத்திறன் சமமாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு விசையை இரட்டை என்று கருதிவிடாதீர்கள்.

மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் 6 மீட்டர் பீமில் இரட்டை எந்த இடத்தில் செயல்பட்டாலும் விடைகள் மாறாது என்று கொள்ளலாமா?

பதில் 3 – இயக்கவியல் ஆசிரியர், வேலூர்

தாங்கிகளின் எதிர்விசைகள் மாறா. வளைவுத் திருப்புத்திறன் (பீமை அந்தந்த இடத்தில் வளைக்கும் உள் திருப்புத்திறன்) மாறும். இரு முனைகளிலும் எளிய தாங்கிகள் கொண்ட அந்தப் பீமின் மேல் வலஞ்சுழியாக 120 நியூட்டன் மீட்டர் இரட்டை மட்டும் செயல்பட்டால், அது எங்கே இருந்தாலும் வலத் தாங்கி மேல்நோக்கி 20 நியூட்டனும், இடத் தாங்கி கீழ்நோக்கி 20 நியூட்டனும் தரும். இவ்விரண்டும் சேர்ந்த எதிர் இரட்டைதான் பீமைச் சமநிலையில் நிறுத்துகிறது. இரட்டை இடமுனையிலிருந்து 2 மீட்டரில் இருந்தால் அவ்விடத்தில் வளைவுத் திருப்புத்திறன் −40இலிருந்து +80க்குத் தாவும். நடுவில் இருந்தால் −60இலிருந்து +60க்குத் தாவும். பீமை வெட்டிப் பார்த்து உள்விசைகளைக் காணும் கணக்குகளில் இரட்டையை அதன் இடத்திலேயே வைத்துத் தனித்த பொருள் விசைப்படம் (ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, அதன் மேல் செயல்படும் எல்லா விசைகளையும் காட்டும் படம்) வரையுங்கள்.