மறு: மறு: கிளோனல் எவல்யூஷன் – நகலியா, ஒட்டா, கால்வழியா, தூரா?

அனைவருக்கும் வணக்கம்.

அரைப் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலையில் நான்கு நாளாக வாசித்ததோடு சரி, எழுத முடியவில்லை. அதற்குள் இழை எங்கெங்கோ போய்விட்டது. புதிதாக வந்தவர்களுக்கு: ஒரே செல்லிலிருந்து பெருகிய செல் கூட்டம்தான் கிளோன். புற்றுக்கட்டியில் அந்தக் கூட்டம் பெருகப் பெருக மாறிக்கொண்டே போவது கிளோனல் எவல்யூஷன். நம் புற்றுநோய்க் கையேட்டுக்காக இதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஓசூர் நண்பரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

> கிளோன் என்றாலே நகல்தானே டீச்சர்? ‘நகலி’ என்று பலரும் எழுதிப் பழகிவிட்டார்கள். அதையே வைத்து ‘நகலிப் பரிணாமம்’ என்று முடித்துவிட்டுப் போகலாமே?

முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தச் சொல் தன் வாயாலேயே தன்னை மறுக்கிறது. பீட்டர் நோவல் 1976இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தக் கருத்துக்கு அடிப்படை. கட்டி ஒரு செல்லில் தொடங்குகிறது. அது இரண்டாகி, நான்காகிப் பெருகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 300 கோடி எழுத்து கொண்ட மரபுத்தொகுதியைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கையில் பிழை விழுகிறது. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. எப்போதாவது ஒன்று, அதைச் சுமக்கிற செல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் வலுவைத் தருகிறது. அதன் பிள்ளைகள் மற்றவற்றை முந்துகின்றன, அந்தப் பிள்ளைகளிலும் வேறு பிழை விழுகிறது. ஆக இதில் முக்கியமே நகல் நகலாக இல்லாமல் போவதுதான்.

2012இல் லண்டன் ஆய்வாளர்கள் சிறுநீரகப் புற்றுக்கட்டியின் பல இடங்களில் துண்டெடுத்து மரபெழுத்துகளைப் படித்தார்கள். கண்ட பிறழ்வுகளில் (மேலே சொன்ன எழுத்துப் பிழைகளில்) ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எல்லாத் துண்டுகளிலும் இல்லை. ஒரே ஆள், ஒரே கட்டி, இந்த ஓரத்தில் இருப்பது அந்த ஓரத்தில் இல்லை! ஜெராக்ஸ் கடையில் எடுத்த பட்டா நகலில் சர்வே எண் மாறியிருந்தால் தாலுகா ஆபீசில் அதை நகல் என்று வாங்கிக்கொள்வார்களா?

இன்னொரு சிக்கலும் உண்டு. மரபணுவின் ‘நகல் எண்ணிக்கை’ என்று சொல்வதற்கு ‘நகல்’ ஏற்கெனவே நமக்குத் தேவைப்படுகிறது. தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிப் பக்கம் வருசா வருசம் இறங்குகிற யானைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்துகிற டிபி53 என்னும் மரபணு நமக்கு ஒரு சோடிதான். ஆப்பிரிக்க யானைக்கு அது 20 சோடி என்று 2015இல் எழுதினார்கள். நம் காட்டு யானைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். அத்தனை பெரிய உடம்பில் அத்தனை கோடி செல் இருந்தும் யானைக்குப் புற்றுநோய் அரிதாக வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இந்த இடத்தில் ‘நகல்’ என்பது மிகச் சரியான சொல். அதையே செல் கூட்டத்துக்கும் வைத்தால் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். நானே குழப்பிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து ‘ஒட்டு’. கிருஷ்ணகிரிக்காரர்கள் என்பதால் மாம்பழத்தை விட மனசு வராது போல. வாதம் நல்ல வாதம்தான்: பெங்களூரா மரம் எல்லாமே ஒட்டுக்கன்று, ஒட்டுக்கன்று என்றால் கிளோன், ஆகவே கிளோனுக்கு ஒட்டு. சந்தூரில் என் சித்தப்பாவுக்கு நர்சரி இருக்கிறது. போன ஞாயிறு போயிருந்தபோது கேட்டேன். கன்று ஏற்ற வண்டி வந்து நின்றிருந்தது, அவர் வேறு கவனத்தில் இருந்தார்.

“ஒட்டுன்னா ரெண்டு செடிம்மா. வேர் கொட்டைக்கன்னுது, தலை தாய்மரத்துது. அது ரெண்டையும் கட்டி ஒண்ணாக்கறதுதான ஒட்டு. நீ சொல்றது ஒண்ணுலேருந்து பலது வர்றது. அதுக்கு எதுக்கு ஒட்டு?”

அதோடு அந்தச் சொல் போயிற்று. வாசலில் நின்றபடியே தீர்த்துவைத்துவிட்டார், நாம் இங்கே பதினாறு மடல் எழுதியிருக்கிறோம்.

‘கால்வழி’ என் சொல். இப்போது நானே திரும்பப் பெறுகிறேன். அரூர் டாக்டர் எழுதியதை இழையில் பலர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அதனால் மீண்டும் ஒட்டுகிறேன்:

> கால்வழி, குலம், வம்சம் எதுவும் வேண்டாம். ‘எங்க வீட்ல யாருக்குமே இல்லையே டாக்டர், எப்படி வந்துச்சு’ என்பதுதான் எனக்கு முன்னால் உட்காருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. ‘அப்ப என் பொண்ணுக்கும் வருமா’ என்பது இரண்டாவது. அவர்கள் கையில் ‘கால்வழி’ என்று அச்சடித்த தாளைக் கொடுத்தால் என்ன ஆகும்?

புற்றுநோய்களில் பெற்றோர் வழியாக வந்த பிறழ்வால் வருபவை நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். மற்றவை வாழும்போது உடம்பின் செல்லில் சேர்ந்தவை. தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவரின் நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் வருசத்துக்குச் சராசரி 150 பிறழ்வு கூடுகிறது என்று 2016இல் கணக்கிட்டார்கள். அது அவரோடு போகும், பிள்ளைக்குப் போகாது. ‘கால்வழி’ இதற்கு நேர் எதிரான நினைப்பைக் கொடுத்துவிடும். அகராதிப்படி அழகான சொல்தான். இந்த வேலைக்கு ஆகாது.

பாலக்கோட்டிலிருந்து வந்த ‘கலவன்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விதைப்பண்ணையில் வேறு ரகச் செடியைப் பிடுங்குவதைக் ‘கலவன் நீக்கம்’ என்பார்கள், உங்களில் பாதிப்பேர் செய்தே இருப்பீர்கள். ஆனால் கலவன் வெளியிலிருந்து வந்து கலந்த விதை. கட்டிக்குள் மாறி நிற்கிற செல் வெளியாள் இல்லை, அதே விதையிலிருந்து வந்ததுதான். எனவே அதுவும் இல்லை.

இனி நான் சொல்ல வந்தது: தூர்.

இதுவும் சித்தப்பா வாயிலிருந்து வந்ததுதான். ‘ஒண்ணுலேருந்து பலது’ என்று சொன்னவர், வண்டிக்காரருக்குக் கணக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, “ராகித் தூர் மாதிரியா?” என்றார். ஒரு நாற்று நடுகிறோம், அது பக்கத்தில் வெடித்துத் தூர் கட்டுகிறது. பத்துக் கதிர் வந்தாலும் வேர் ஒன்று, விதை ஒன்று. கிளோன் என்ற சொல்லே கிளைத்துளிர் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, ஆகவே நாம் அதிக தூரம் போய்விடவில்லை.

உடனே அவரே மறுக்கவும் செய்தார். “ஆனா தூர்ல எல்லாக் கதிரும் ஒரே ரகந்தான வரும்? உன் கட்டியில அப்படி வர்றதில்லைங்கறியே.”

நியாயமான கேள்வி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ‘நகலி’யில் நான் கண்ட குறை இதிலும் இருக்கிறதா? இல்லை என்றுதான் தோன்றுகிறது. ‘நகல்’ எப்படி இருக்கும் என்று சொல்கிறது: மூலத்தைப் போலவே இருக்கும். ‘தூர்’ எங்கிருந்து வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. முன்னால் வெடித்தது நன்றாக இருக்கலாம், பின்னால் வெடித்தது சோடையாகவும் போகலாம், இரண்டும் அதே தூர்தான். புற்றுநோய்க்கு நமக்கு வேண்டியது இந்த மாதிரிச் சொல்: பிறப்பிடத்தை மட்டும் சொல்லிவிட்டு மாறுதலுக்கு இடம் விடுகிற சொல்.

ஆக, கிளோனுக்குத் தூர். அதற்குள்ளேயே மாறிப் பிரிந்த சிறு கூட்டமான சப்கிளோனுக்குக் கிளைத்தூர். எல்லாச் செல்லிலும் காணும் தொடக்ககாலப் பிறழ்வு அடித்தூர்ப் பிறழ்வு, பின்னால் ஒரு பகுதியில் மட்டும் வந்தது கிளைத்தூர்ப் பிறழ்வு. முழு நிகழ்வும் தூர்வழிப் பரிணாமம்.

பரிணாமத்துக்குப் பதில் ‘படிமலர்ச்சி’ என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். தனித்தமிழ் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் புற்றுநோய்க்கு ‘மலர்ச்சி’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஈழத்தில் சொல்லும் ‘கூர்ப்பு’ அருமையான சொல். காவேரிப்பட்டினத்தில் சொன்னால் பென்சில் சீவுவதாக நினைப்பார்கள்.

சொல் நிற்குமா என்று பார்க்க, நம் கையேட்டுக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

‘நாட்பட்ட ரத்தப் புற்றுநோய் வகை ஒன்றில் 9ஆவது, 22ஆவது குரோமோசோம்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்கின்றன. இது அந்த நோயின் அடித்தூர்ப் பிறழ்வு, அதனால் நோய்ச் செல் எல்லாவற்றிலும் இருக்கும். இதைக் குறிவைக்கும் இமாடினிப் மாத்திரை 2001இல் வந்தது. பெரும்பாலோருக்கு நோய் அடங்கிவிடுகிறது. சிலருக்குத் திரும்பி வருகிறது. மருந்து போய் ஒட்டும் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய கிளைத்தூர் மருந்துக்குத் தப்பி வளர்ந்திருக்கும். சிலரிடம் அந்தக் கிளைத்தூர் மருந்து தொடங்கும் முன்பே சிறிய அளவில் இருந்திருக்கிறது. மருந்து அதை உண்டாக்கவில்லை, சுற்றியிருந்தவற்றை அழித்து அதற்கு இடம் விட்டது.’

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்குக் கடைசி இரண்டு வரியை விளக்கவே தேவையில்லை. ஒரே மருந்தை விடாமல் அடித்தால் கடைசியில் எந்தப் புழு மிஞ்சும் என்று அவர்களுக்குத் தெரியும். (9, 22 சோடியில் விளைகிற அந்தக் குட்டைக் குரோமோசோமை 1960இல் கண்டவர்களில் ஒருவர் இதே நோவல். பதினாறு வருசம் கழித்துத்தான் அந்தக் கட்டுரை.)

கட்டியை வளரத் தள்ளுகிற பிறழ்வை ஆங்கிலத்தில் டிரைவர் என்றும், சும்மா கூட வருவதைப் பாசெஞ்சர் என்றும் சொல்கிறார்கள். அவை பற்றி நீட்ட விரும்பவில்லை. ‘ஓட்டுநர்’ வேண்டாம். ஓட்டுநர் என்றால் போகும் ஊர் தெரிந்தவர், இங்கே யாருக்கும் ஊர் தெரியாது. ‘உந்து பிறழ்வு’ போதும். 2020இல் வெளியான பெரிய ஆய்வில் 2,658 புற்றுகளின் முழு மரபுத்தொகுதியையும் படித்தார்கள். ஒரு கட்டியில் சராசரியாக நான்கைந்துதான் உந்து பிறழ்வு, ஆயிரக்கணக்கான மற்றவை சும்மா கூட வருபவை. கூட வருபவற்றுக்குத் ‘தொற்றிப் பிறழ்வு’ என்று வந்த யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். புற்றுநோய் தொற்றிக்கொள்ளும் என்று தனித் தட்டு வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ‘உடன்போக்குப் பிறழ்வு’ என்று எழுதிய நண்பருக்கு: தகடூர்க்காரர் என்பதற்காகச் சங்க இலக்கியத்தை இவ்வளவு தூரம் இழுக்கலாமா? தலைவனும் தலைவியும் பாலை வழியே நடந்துபோவதுதான் கண்ணில் நிற்கிறது. ‘உடன்வரு பிறழ்வு’ என்று வைத்துக்கொள்வோம்.

*

அரூர் டாக்டர் எழுதியது:

> டீச்சர், தூர்வழிப் பரிணாமம் நன்றாக இருக்கிறது. தனித் ‘தூர்’ எனக்குப் பயம். ஆபரேஷன் முடிந்ததும் ‘தூரோட எடுத்துட்டாங்களா’ என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தூர் என்றால் அடிவேர். கையேட்டில் ‘கட்டி என்பது ஒரு தூர்’ என்று படித்தால், பிடுங்கினால் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். மருந்து எதற்கு, மறுபடி வரச் சொல்வது எதற்கு என்பார்கள். (ஏரித் தூர் வாருவதை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

*

டாக்டர், இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டிலும் களை எடுக்கும்போது ‘தூரோட புடுங்கு’ என்றுதான் சொல்வோம்.

அப்படியானால் தனித் ‘தூர்’ எங்கேயும் வர வேண்டாம். கிளோன் என்பது தூர்வழி, சப்கிளோன் கிளைவழி. ‘வழி’ சேர்ந்துவிட்டால் பிடுங்குகிற பொருள் போய்விடுகிறது, ஒன்றிலிருந்து வந்தது என்பது மட்டும் நிற்கிறது. அடித்தூர்ப் பிறழ்வை ‘முதற்பிறழ்வு’ என்று மாற்றிவிடுகிறேன். அதில் உவமை இல்லை, பரவாயில்லை. கையேட்டுப் பத்தியையும் அப்படியே திருத்தி அனுப்புகிறேன். புதன்கிழமை உங்கள் ஓபியில் உட்கார்ந்திருப்பவர்களில் இரண்டு பேரிடம் நர்சம்மாவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ‘என்னது?’ என்று கேட்கிறார்கள் என்று எழுதுங்கள்.

மெட்டாஸ்டாசிஸுக்கு, அதாவது புற்று உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவதற்கு, தனி இழை தொடங்கலாம். ‘புலப்பெயர்வு’ என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் பாதி ஊரில் இருக்கிறார்கள்.