பூஞ்சைக்கு நிலையான சத்து விகிதம் உண்டா?

மட்குநேசன்:
வைக்கோலை மடக்கி உழுத நிலத்தில் முதல் சில வாரங்கள் பயிர் வெளுப்பதற்குக் காரணம் நுண்ணுயிர் உடலின் சத்து விகிதமே என்பது என் வாதம். 80 கிராம் கரிமம் (கார்பன்) உள்ள வைக்கோலில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறத்தாழ 1 கிராம்தான். பூஞ்சை அக்கரிமத்தில் 40 விழுக்காட்டை உடலாக்கிக்கொண்டு மீதியைக் கரியமில வாயுவாக வெளியேற்றினால், 32 கிராம் பூஞ்சையின் உடலான நுண்ணிழையாகிறது. 10 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து என்று வைத்தால் தேவை 3.2 கிராம், குறையும் 2.2 கிராமை அது பயிருக்குப் போட்டியாக மண்ணிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். விகிதம் 5 அளவிலுள்ள பாக்டீரியாவானால் பற்றாக்குறை இன்னும் பெரிது.

இழையாழி:
கணக்கில் பிழையில்லை, அந்த 10 என்ற எண்ணைத்தான் நான் ஏற்கவில்லை. பாக்டீரியா இருக்கும் இடத்தில் கிடைப்பதைக் கொண்டே பிழைக்க வேண்டும், பூஞ்சைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மட்கும் இலைப்படுகையை மெல்லத் தூக்கிப் பார்த்தால், வெள்ளிழைகள் கீழ்மண்ணிலிருந்து ஏறி இலையின் அடிப்புறத்தில் விசிறியாக விரிந்திருப்பது தெரியும். கீழே எடுத்த தழைச்சத்தைப் பூஞ்சை அவ்வழியே மேலே கடத்துகிறது. வளரும் நுனியில் புரதம் மிகுந்திருக்க, பின்னால் விடப்பட்ட பழைய இழையோ உட்பொருளை முன்னே அனுப்பிவிட்டு வெறும் சுவராக நிற்கிறது. இரண்டையும் சேர்த்து அரைத்து அளந்தால் கிடைப்பது எதனுடைய விகிதம்? மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) இதே கதைதான்: உபரியைப் பாலிபாஸ்பேட் என்ற சங்கிலி மூலக்கூறாக உயிரணுவின் நுண்குமிழ்களில் சேமித்துவைப்பதால், அளக்கும் நாளைப் பொறுத்து எண் மாறும். உங்கள் கணக்கிலேயே விகிதத்தை 15 என்றும் உடலாகும் பங்கை 20 விழுக்காடு என்றும் மாற்றிப் பாருங்கள், தேவை 1.07 கிராமாகி, பற்றாக்குறை ஏறக்குறைய மறைந்துவிடும்.

மட்குநேசன்:
நெகிழ்வை மறுக்கவில்லை, ஆனால் அதற்கு எல்லை உண்டு. 2007இல் கிளீவ்லாந்து, லிப்ட்சின் என்ற ஆய்வாளர்கள் உலகளாவிய தரவுகளைத் தொகுத்தபோது, மண் நுண்ணுயிர்த் தொகுதியில் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து ஆகியவை அணு எண்ணிக்கையில் சராசரியாக 60:7:1 என்று வந்தன; மண்ணில் அது 186:13:1.

இழையாழி:
அது பூஞ்சை, பாக்டீரியா அனைத்தையும் கலந்த சராசரி. கலவையின் சீர்மையைக் கொண்டு ஒரு பூஞ்சையின் சீர்மையை நிறுவ முடியாது.

வேர்த்துணை:
இருவரும் மரங்களோடு வாழும் வேர்ப்பூஞ்சையை விட்டுவிட்டீர்கள். அதற்குக் கரிமத்தை மரமே தருவதால், வைக்கோல் கணக்கு அங்கே செல்லாது. நியூசிலாந்துப் பைன் காட்டில் வேர்களைத் துண்டித்தபோது சருகு விரைவாக மட்கியதாகக் ஆய்வாளர்களான காட்கில் இணையர் 1971இல் எழுதினர். மரத்தின் கரிமம் நின்ற வேர்ப்பூஞ்சை தழைச்சத்துக்கான போட்டியிலிருந்து விலகியதே காரணம் என்ற விளக்கத்தில் எனக்கு முழு நிறைவு இல்லை, ஈரப்பதமும் மாறியிருக்கலாம்.

மட்குநேசன்:
அது தனி உரையாடலில் பேச வேண்டியது. இழையாழி, உங்கள் 20 விழுக்காடு உண்மையானால் பயிர் வெளுக்கவே கூடாதே?

இழையாழி:
நியாயமான கேள்வி. தொடக்கத்தில் எளிதில் கரையும் சர்க்கரைகளைத் தின்று வேகமாக வளர்வதால் உங்கள் 40 பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். தாவரத்துக்கு உறுதி தரும், எளிதில் மட்காத லிக்னின் மட்டும் எஞ்சும் பிற்பகுதிக்குத்தான் என் 20; பெனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற வெள்ளழுகல் பூஞ்சை, தழைச்சத்து தீர்ந்து பசிக்கும்போதுதான் லிக்னினை உடைக்கும் நொதிகளைச் சுரக்கத் தொடங்குகிறது.