நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் டீமோட டிஃபென்ஸ் (எதிராளிய பாயிண்ட் எடுக்க விடாம தடுக்கிற பசங்க) ஏன் இப்படி மோசமாச்சு? ஸ்டேடியத்துல நேர்ல பாத்தவங்க வந்து சொல்லுங்க

லிங்கன்வாசி:
நான் 2016ல இங்க நெப்ராஸ்கால இருக்கிற லிங்கனுக்கு படிக்க வந்தேன், அதுவரைக்கும் அமெரிக்கன் ஃபுட்பால்னா ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டிக்கிற ஆட்டம்னு மட்டும்தான் தெரியும். 2017 நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் மறுநாள் வெள்ளிக்கிழமை அயோவா மேட்ச், லேப்ல கூட வேலை செய்யிற பொண்ணு ஊருக்குப் போறதால டிக்கெட்ட என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர், லிங்கனுக்கு மேற்க சோளம் போடுற விவசாயி, அந்த சீட்டு அவங்க அப்பா காலத்துலேருந்து அவங்க குடும்பத்துலயே இருக்காம். 1962லேருந்து ஒரு ஹோம் மேட்ச்சுக்குக் கூட டிக்கெட் மிச்சம் இருந்ததில்லைங்கிறத அவர் தன் வீட்டுக் கதை மாதிரி சொன்னாரு.

பாதி ஆட்டத்துல 14-14. அதுக்கப்புறம் அயோவா 42 பாயிண்ட் எடுத்துச்சு, நாம ஒண்ணுகூட எடுக்கல, 56-14. சனம் கொத்துக் கொத்தா எந்திரிச்சுப் போகுது, பெரியவர் மட்டும் நகரல. ஏன் சார் இப்படி ஆகுதுன்னு கேட்டேன். கையுறைய கழட்டிட்டு நாலு விரல நீட்டிக் காமிச்சாரு. "போன வருஷம் வரைக்கும் முன்வரிசைல நாலு பேரு, ஆளுக்கொரு சந்து, உன் சந்த நீ அடச்சுக்கோ, அவ்ளோதான் வேலை. இந்த வருஷம் மூணே பேரு"ன்னு ஒரு விரல மடக்கினாரு. "நடுவுல நிக்கிறவன் ரெண்டு ஆள ஒத்தையா தாங்கணும், அவன் தாங்கினாதான் பின்னாடி இருக்கிற லைன்பேக்கர் ஓடிவந்து புடிக்க முடியும். அந்த நடு ஆள் எங்க இருக்கான்? நாங்க அப்படி ஒருத்தன கூட்டிட்டே வரலையே"ன்னாரு. எனக்கு 4-3ன்னா (முன்வரிசைல நாலு, பின்னாடி மூணு லைன்பேக்கர்) என்ன, 3-4ன்னா (முன்வரிசைல மூணு, பின்னாடி நாலு) என்னன்னு அந்தக் குளிர்ல அந்தக் கையப் பாத்துதான் புரிஞ்சுது.

அந்த சீசன்ல கடைசி மூணு மேட்ச்லயும் நம்ம மேல எடுத்த பாயிண்ட்ட யோசிச்சுப் பாருங்க, மினசோட்டா 54, பென் ஸ்டேட் 56, அயோவா 56. மறுநாளே ஹெட் கோச் மைக் ரைலிய அனுப்பிட்டாங்க. அந்த சீசன் 4-8, நாலு ஜெயிச்சு எட்டு தோத்தோம். பயிற்சில மெயின் டிஃபென்ஸ் ஆளுங்களுக்கு கறுப்பு ஜெர்சி குடுக்கிறது 1960கள்லேருந்து இங்க இருக்கிற வழக்கம், பிளாக்ஷர்ட்ஸ்னு சொன்னாலே இந்த ஊர்க்காரங்க நிமிர்ந்து உக்காருவாங்க, அந்த டிஃபென்ஸா இதுன்னு ஊரே அழுத மாதிரி இருந்துச்சு.

என் கருத்து இதுதான். 3-4 தப்பான ஸ்கீம் (ஆளுங்கள நிறுத்தி ஆடவைக்கிற முறை) இல்ல, 4-3க்குன்னு பொறுக்கி எடுத்த பசங்கள ஒரே ஸ்பிரிங் பயிற்சில 3-4ல நிறுத்துனது தப்பு. கைய தரைல ஊனி முட்டிப் பழகின எண்ட் (முன்வரிசை ஓரத்துல நிக்கிறவன்) பையன நிமிர்ந்து நின்னு, பாஸ் வாங்க ஓடுறவன தொரத்திப் போய் தடுன்னா அவன் என்ன பண்ணுவான்? நீங்க நேர்ல பாத்தது என்ன, எழுதுங்க.

ஒமாஹா ராஜபாளையம்:
தம்பி, நீங்க சொல்றத மதிக்கிறேன் ஆனா ஸ்கீம்லயே நிக்காதீங்க. நான் 2008லேருந்து ஒமாஹால இருக்கேன், 2009ல நம்ம முன்வரிசை நடுவுல (டாக்கிள்னு சொல்லுவாங்க) சூ ஆடுனத பாத்தவன். அப்ப நாம இருந்த பிக் 12ங்கிற லீக்கோட ஃபைனல்ல டெக்ஸஸ் குவார்ட்டர்பேக்க (பந்த எறியிற ஆள) அந்த ஒத்தை ஆளு நாலரை தடவ சாய்ச்சான், அப்பவும் 13-12ல தோத்தோம், அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. அப்படி ஒரு டாக்கிள் இருந்தா எந்த ஸ்கீமும் நல்ல ஸ்கீம்தான்.

நடந்தது என்னன்னா 2011ல நாம பிக் டென்ங்கிற வேற லீக்குக்கு மாறினோம். என் ஆஃபீஸ்ல டல்லாஸ் பக்கத்துலேருந்து வந்த ஒருத்தர், அங்க ஹைஸ்கூல் டீமுக்கு அசிஸ்டென்ட் கோச்சா இருந்தவர். ஒருநாள் மதியம் சாப்பாட்டு டேபிள்ல சொன்னாரு, "முன்னாடி எங்க பசங்ககிட்ட நெப்ராஸ்கா கோச் வந்து, உங்க அம்மா அப்பா கார்லயே வந்து நீ ஆடுறத பாக்கலாம், வருஷத்துல ஒரு மேட்ச்சாவது உங்க டெக்ஸஸ்லதான்னு சொல்லுவாங்க, மாறினப்புறம் அந்த வாக்க சொல்லவே முடியல"ன்னு. அத கேட்டப்புறம்தான் எனக்கு மேப்பே புரிஞ்சுது. நம்ம ஸ்டேட்ல மொத்த ஜனத்தொகையே 20 லட்சத்த சுத்திதான், வருஷத்துக்கு பெரிய டிவிஷன் ஆடுற அளவுக்கு வர்ற பசங்கள விரல் விட்டு எண்ணிடலாம், மத்தவங்கள டெக்ஸஸ், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியான்னு போய்தான் கூட்டிட்டு வரணும், விமானத்துல ஏறி வந்து பனில ஆடுடான்னா யாரு வருவா?

அதே பிக் டென்ல ஆடுற விஸ்கான்ஸின பாருங்க. 2014ல மெல்வின் கார்டன் நம்ம மேல 408 யார்டு ஓடினாரு, அதுவும் மூணு குவார்ட்டர்லயே. 2017ல லிங்கன்ல ஜோனதன் டெய்லர் 249, அப்ப அவர் முதல் வருஷப் பையன். அந்த மேட்ச்சுக்கு நான் போயிருந்தேன், நாலாவது குவார்ட்டர்ல பாஸே போடாம பந்த தூக்கிக்கிட்டு ஓடுறாங்க, திரும்பத் திரும்ப ரன், ரன், ரன், வர்றது ரன்னுன்னு ஸ்டேடியத்துல எல்லாருக்கும் தெரியுது, நிறுத்த ஆளில்ல. ஓடுறவனுக்கு முன்னாடி முட்டி வழி பண்ற அந்த பிளாக்கர்ஸ்ல எத்தனையோ பேரு அந்த ஸ்டேட்டுலயே வளர்ந்த பசங்க. நம்மகிட்ட அந்த உடம்பு இல்ல, அத தேடிக் கொண்டு வரல. ரெக்ரூட்டிங்தான் (ஹைஸ்கூல் பசங்கள தேடிக் கூட்டிட்டு வர்றது) வியாதி, மத்ததெல்லாம் அதோட காய்ச்சல்.

பாப்பிலியன் அம்மா:
நீங்க ரெண்டு பேரும் ஸ்கீம் வேற ரெக்ரூட்டிங் வேறன்னு பேசுறீங்க, எங்க வீட்டுக்குள்ள அது ரெண்டும் ஒண்ணா வந்துச்சு, அதான் எழுதுறேன். எங்க பெரியவன் ஹைஸ்கூல்ல டிஃபென்ஸிவ் எண்ட், அவங்க அப்பா குடும்பமே நெட்டை. பதினோராவது படிக்கிறப்ப கோடைல ஒரு காலேஜ் கேம்ப்புக்கு கூட்டிட்டுப் போனோம், பேரு வேண்டாம். அங்க ஒருத்தர் அவன நிறுத்தி உயரம் எடுத்தாரு, கை நீளம் எடுத்தாரு, உள்ளங்கைய விரிக்கச் சொல்லி அளந்தாரு, எனக்கு பழைய துணிக்கடைல டெய்லர் அளவெடுக்கிற ஞாபகம்தான் வந்துச்சு. அப்புறம் எங்கிட்ட வந்து, மேடம், உங்க பையன் எங்க முன்வரிசைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கான், இன்னும் பதினஞ்சு கிலோ ஏத்துங்க, நாங்க பாத்துக்கிறோம்னு சொன்னாரு. அன்னிலேருந்து முட்டை, கோழி, பாலு, ராத்திரி பத்து மணிக்கு எந்திரிச்சு தோசைன்னு ஒரு வருஷம் அவன் தின்ன தீனிய நான்தான் சமைச்சேன், பதினோரு கிலோ ஏறினான்.

டிசம்பர்ல அந்த ஹெட் கோச்ச மாத்திட்டாங்க. புது ஆளு வந்தாரு, வேற ஸ்கீம். பையன் மூணு தடவ மெயில் போட்டான், ஃபோன் பண்ணினான். கடைசியா ஒரு சின்ன வயசு ஸ்டாஃப் எடுத்து, இப்ப எங்களுக்கு உன் உயரத்துல இன்னும் வேகமா ஓடுறவன் வேணும், நீ ரொம்ப கனமா இருக்கேன்னு சொல்லி வெச்சுட்டாரு. அவங்க ஏத்தச் சொன்ன கனம்! என் பையன் மாடிப்படில உக்காந்துக்கிட்டு ஒண்ணுமே பேசல. இப்ப ஒரு சின்ன காலேஜ்ல ஸ்காலர்ஷிப் இல்லாம ஆடுறான், சந்தோஷமாத்தான் இருக்கான், ஆனா கோச்ச மாத்துங்கன்னு ஸ்டாண்ட்ல கத்துறவங்க ஒவ்வொரு தடவையும் இப்படி எத்தனை வீட்டு மாடிப்படி இருக்கும்னு நினைச்சுப் பாக்கணும்னு எனக்குத் தோணும்.

சோளக்காட்டுக் கோவைக்காரன்:
அக்கா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் எழுத முடியலைங்க.

நான் 2022 செப்டம்பர்ல ஜார்ஜியா சதர்ன் மேட்ச் அன்னிக்கு ஸ்டேடியத்துல ஹாட்டாக் கடைல நின்னேன், எங்க ஸ்டூடண்ட் சங்கத்துக்கு நிதி சேர்க்க வாலண்டியரா. உள்ள என்ன நடக்குதுன்னு டிவில பாக்கிறத விட சத்தத்துலயே தெரிஞ்சிரும். நாம 42 போட்டோம், அதுக்கு முன்னாடி இந்த கிரவுண்டுல 35ஓ அதுக்கு மேலயோ போட்ட 214 மேட்ச்சுலயும் ஜெயிச்சிருக்கோம், ஒண்ணுகூட தோத்ததில்லைங்க. அவங்க 642 யார்டு எடுத்தாங்க. கடைசில 36 செகண்ட் இருக்கிறப்ப அவங்க குவார்ட்டர்பேக்கே ஓடிப் போய் டச்டவுன் போட்டாரு, 45-42. என் கவுண்ட்டர் முன்னாடி கெட்சப் ஊத்திக்கிட்டு நின்ன ஒரு அப்பா, தோள் மேல சின்னப் பொண்ணு, கெட்சப்ப அப்படியே வெச்சுட்டு மேல ஸ்கிரீனையே பாத்தாரு. மறுநாள் ஞாயித்துக்கிழமை ஸ்காட் ஃப்ராஸ்ட்ட எடுத்துட்டாங்க. இந்த ஊர் தன் சொந்தப் புள்ளன்னு கொண்டாடின மனுஷன், 1997 சாம்பியன்ஷிப் குவார்ட்டர்பேக்.

ஆனா நான் சொல்ல வந்தது அடுத்தது. அன்னிக்கு முன்வரிசைல இருந்த டை ராபின்ஸனும் நாஷ் ஹட்மேக்கரும்தான் 2023லயும் ஆடினாங்க. டிஃபென்ஸுக்குப் புது கோச்சா டோனி ஒயிட் வந்து 3-3-5 போட்டாரு, முன்னாடி மூணு, நடுவுல மூணு, பின்னாடி அஞ்சு, எவன் எங்கிருந்து வருவான்னு எதிராளிக்குத் தெரியாது. ஒரு மேட்ச்சுக்கு 18 பாயிண்ட் அளவுலதான் குடுத்தோம், அந்த வருஷம் 5-7 ஆனது நம்ம ஆஃபென்ஸ் பந்த கோட்டை விட்டதாலதானுங்க, டிஃபென்ஸால இல்ல. ஆள் அதே ஆள், ஊர் அதே ஊர். அப்ப ஸ்கீமும் சொல்லித்தர்ற ஆளும் முக்கியம் இல்லன்னு எப்படி சொல்றீங்க, ராஜபாளையம் அண்ணா?

ஒமாஹா ராஜபாளையம்:
நியாயமான கேள்வி, ஒத்துக்கிறேன். ஆனா ஹட்மேக்கர் யாரு? சவுத் டகோட்டா பையன், ஹைஸ்கூல் மல்யுத்தத்துல நாலு தடவ ஸ்டேட் சாம்பியன். அந்த மாதிரி பக்கத்து ஸ்டேட்டுல குளிருக்குப் பழகின பையன தேடிப் புடிச்சதே ரெக்ரூட்டிங்தானே. நான் கேக்கிறதும் அதேதான்.

லிங்கன்வாசி:
அண்ணா, கோவைக்காரரே, நீங்க ரெண்டு பேரும் சொன்னத பெரியவருக்கு ஃபோன் போட்டு சொன்னேன், அவர்கூட இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கேன், அறுவடை முடிஞ்சா நான் போய் பாப்பேன். அவர் கேட்டுட்டு ஒண்ணுதான் கேட்டாரு, "ராபின்ஸன் வந்தது எந்த வருஷம்?" 2019 பேட்ச். "ஹட்மேக்கர்?" 2020. "அப்ப 2023ல அவங்களுக்கு எத்தனாவது வருஷம்?" நாலு, அஞ்சு. "பன்னிக்கும் மாட்டுக்கும் எடை ஏறுற மாதிரி பையனுக்கு ஒரு சீசன்ல எடை ஏறாது, நடு ஆளு முத்துறதுக்கு நாலு வருஷம் ஆகும், அந்த நாலு வருஷம் எங்கயும் போகாம இருக்கணும்"னாரு. இப்ப காலேஜ் விட்டு காலேஜ் மாறுற போர்ட்டல் வந்தப்புறம் ஒரு பையன் இருபது தடவையாவது களத்துல இறங்கலைன்னா கிளம்பிர்றான், 2021லேருந்து தன் பேர வெச்சு காசு வேற சம்பாதிக்கலாம்னு ஆயிடுச்சு, இன்னும் கஷ்டம். கணக்கு போட்டுப் பாத்தேன், 2015லேருந்து 2025 வரைக்கும் 11 வருஷத்துல அஞ்சு டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் (டிஃபென்ஸ மட்டும் பாத்துக்கிற கோச்), நடுவுல கொஞ்ச நாளைக்கு இருந்தவரு தனி. ஆத்துக்கு அந்தப்பக்கம் அயோவால 2012லேருந்து ஒரே ஆளு, ஃபில் பார்க்கர், ஹெட் கோச் 1999லேருந்து அதே ஆளு. அவங்களுக்கும் பெரிய ஜனத்தொகை கிடையாது, டெக்ஸஸும் கிடையாது, அவங்க ஊர்லயும் இதே பனிதான் கொட்டுது. ராஜபாளையம் அண்ணா, அதான் மேப் மட்டும் காரணம்னு என்னால ஏத்துக்க முடியல. பாப்பிலியன் அக்கா வீட்டுல நடந்தது அயோவால அவ்வளவு சுலபமா நடக்காது, இந்த வருஷம் ஒரு எண்ட்கிட்ட ஏத்துன்னு சொன்ன கனத்த அடுத்த வருஷம் இறக்குன்னு சொல்ல அங்க புதுசா யாரும் வரமாட்டாங்க.

ராபின்ஸனும் ஹட்மேக்கரும் 2024ஓட முடிச்சுக்கிட்டாங்க, அந்த வருஷம்தான் எட்டு வருஷத்துக்கப்புறம் ஒரு பௌல் மேட்ச்சுக்கு (நல்லா ஆடின டீமுங்களுக்கு சீசன் முடிவுல வெக்கிற மேட்ச்) போனோம், பாஸ்டன் காலேஜ 20-15ல ஜெயிச்சோம். 2025 தேங்க்ஸ்கிவிங் மறுநாள் அதே அயோவா, அதே கிரவுண்டு, 40-16ல தோத்தோம். நானும் பெரியவரும் போயிருந்தோம். மூணாவது குவார்ட்டர்ல அவர் மறுபடி கையுறைய கழட்டினாரு, விரல் நீட்டல, கைய தேய்ச்சு சூடு பண்ணிக்கிட்டு திரும்ப மாட்டிக்கிட்டாரு.

பாப்பிலியன் அம்மா:
தம்பி, அந்தப் பெரியவர்கிட்ட ஒண்ணு கேட்டு எழுதுங்க. எங்க சின்னவனுக்கு இப்ப பதினாலு, அவனும் டீம்ல சேரணும்னு நிக்கிறான், அண்ணன விட அகலமா வருவான் போல. அவனுக்கு கனம் ஏத்தட்டுமா, இல்ல ஓட விடட்டுமா?