மானிடவியல் மாணவர்களுக்கான துணை அகராதிகள்: பரிந்துரை தேவை

வணக்கம். மானிடவியல், சமூகவியல், தொல்லியல் பயிலும் முதுகலை மாணவர்கள் பொதுவாகப் பயன்படுத்தத்தக்க அகராதிகளை எங்கள் கல்லூரி நூலகத்திற்கு வாங்கவிருக்கிறோம். நிதி குறைவு என்பதால் தேர்ந்து வாங்க வேண்டியுள்ளது.

ஷார்லட் சீமோர்-ஸ்மித்தின் மேக்மில்லன் மானிடவியல் அகராதி (1986) சுருக்கமான விளக்கங்களைக் கொண்டது. பாடநூலை வாசிக்கும்போதே புரட்டிப் பார்க்க அது ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் உறவுமுறை, சடங்கு, கொடை போன்ற தலைப்புகளுக்கு ஒரு பத்தி போதாது. முறைப்பெண்ணை மணக்கும் வழக்கத்தைத் தம் வீட்டிலேயே கண்டு வளர்ந்த மாணவருக்கும், பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் அதை வம்சாவழியை விட மணவுறவை முதன்மையாக வைத்து ஏன் விளக்கினார் என்பது புரிய, விவாதத்தின் வரலாற்றையே எடுத்துரைக்கும் நீண்ட கட்டுரை வேண்டும். அதற்கு ஆலன் பர்னார்டும் ஜொனதன் ஸ்பென்சரும் தொகுத்த கலைக்களஞ்சியத்தையே (1996) முதலில் வாங்க விரும்புகிறேன். தாமஸ் பார்ஃபீல்ட் பதிப்பித்த அகராதியும் (1997) பட்டியலில் உள்ளது.

மொழிசார் களப்பணிக்கு, பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் இரண்டாம் பதிப்பை (1984) உறுதி செய்துவிட்டோம். நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை எமனோ நேரில் ஆராய்ந்தவர் என்பதால், அங்கு செல்லும் மாணவர்களுக்கு அது இன்றியமையாதது.

இவற்றை வகுப்பில் பயன்படுத்திய ஆசிரியர்கள், மாணவர்கள் உண்மையில் எதை அதிகம் நாடுகிறார்கள் என்பதைத் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும். மரபணு ஆய்வுகளால் விரைந்து மாறிவரும் உடல்சார் மானிடவியலுக்குப் பழைய பதிப்புகள் பொருந்தா. அதற்கும் தொல்லியலுக்கும் அண்மைக்கால நூல்களைப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.