அவசரம்: ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவுக்குப் (பெயரடைக்குப்) பிறகு "டு" எங்கே வரும், எங்கே வராது?

பொத்துவில்_அலை:
யாராவது இருந்தால் உடனே சொல்லுங்கள். அட்ஜெக்டிவுக்குப் பின்னால் "டு" போட்டு வினை எழுதலாம்தானே? "ஹப்பி டு" சரி, "ரெடி டு" சரி, நான் எழுதியதற்கு மட்டும் போனில் பிழை என்று கோடு விழுகிறது. என்ன விதி இது? இரவுக்குள் அனுப்ப வேண்டும், ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கல்லடிப்பாலம்:
எழுதிய வசனத்தைப் போடுங்கள் தம்பி. அதைப் பார்க்காமல் என்ன சொல்வது?

நிந்தவூர்_ராத்தா:
யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வேலைக்கு விண்ணப்பமா, கூட்டாளிக்கு மெசேஜா? இரண்டுக்கும் ஒரே மாதிரி எழுத முடியாது.

வந்தாறுமூலை77:
எனக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்தில் வினையின் கடைசியில் "இங்" வர வேண்டும், அதுதான் கோடு. "பிஸி", "வேர்த்" இரண்டுக்கும் பிறகு "டு" வராது. "ஷீ இஸ் பிஸி குக்கிங்", "குமண இஸ் வேர்த் சீயிங்" என்றுதான் வரும். "ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்" என்பதில் "டு" இருந்தாலும் அது வேறு "டு", அதற்குப் பின்னும் "இங்"தான். நம் ஆட்கள் விடும் பிழையில் அநேகமானது இதுதான்.

இலக்கணக்காவலன்:
இதெல்லாம் ஓ.எல். வகுப்பிலேயே தெளிந்திருக்க வேண்டியது. இந்த இழைகளில் எத்தனையோ தடவை எழுதியாயிற்று, தேடிப் பார்ப்பதற்குப் பொறுமை இல்லை. "ஜோன் இஸ் ஈகர் டு ப்ளீஸ்", "ஜோன் இஸ் ஈஸி டு ப்ளீஸ்". மொழியியலாளர் நோம் சொம்ஸ்கி 1960களில் பிரபலமாக்கிய ஜோடி இது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அமைப்பு. முதலாவதில் ஜோன்தான் மற்றவரை மகிழ்விக்கத் துடிக்கிறான். இரண்டாவதில் மற்றவர்கள் ஜோனை மகிழ்விப்பது இலகு. இதை விளங்கிக்கொண்டால் கேள்வியே இல்லை.

கல்லடிப்பாலம்:
காவலன் ஐயா, சரிதான், ஆனால் கேட்டவர் இன்னும் வசனத்தையே போடவில்லை. சொம்ஸ்கி வரை போக முதல் அது வரட்டும்.

பொத்துவில்_அலை:
மன்னிக்க வேண்டும், சாப்பாட்டு நேரம், ஆட்கள் நிறைய. அறுகம்பேயில் காக்காவின் (அண்ணனின்) கெஸ்ட்ஹவுஸ். வெள்ளைக்காரர் ஒருவர் காலை ஏழு மணிக்கே ரூம் கேட்கிறார், முந்தின ஆட்கள் பன்னிரண்டுக்குத்தான் போவார்கள். ரயிலில் மட்டக்களப்புக்கு வந்து அங்கிருந்து எப்படி வருவது என்றும் கேட்டிருக்கிறார். நான் எழுதியது இது: "வி ஆர் நொட் பொசிபிள் டு கிவ் த ரூம் ஏர்லி. யூ ஆர் ஈஸி டு கம் ஃப்ரம் பட்டிக்கலோ பை பஸ்."

களுவாஞ்சி_மிஸ்:
இப்போது விளங்குகிறது. மகன், இரண்டு வசனத்திலும் ஒரே சிக்கல்தான். நாம் தமிழில் "எங்களுக்குச் சாத்தியமில்லை", "உங்களுக்கு லேசு" என்று "கு" போட்டுச் சொல்கிறோம். அந்த ஆளைத் தூக்கி அப்படியே ஆங்கில வசனத்தின் தலையில் எழுவாயாக வைத்தால் "நாங்கள் சாத்தியமில்லை", "நீங்கள் லேசானவர்" என்று ஆகிவிடும். வகுப்பில் "ஐ ஆம் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட் இங்கிலிஷ்" என்று எழுதும் பிள்ளைகளுக்கும் இதே காரணம்தான்.

"பொசிபிள்" மனிதரை எழுவாயாக ஏற்காது. "இட் இஸ் நொட் பொசிபிள் ஃபோர் அஸ் டு கிவ் யூ த ரூம் ஏர்லி" என்று எழுதலாம். மனிதரை முன்னுக்கு வைக்கத்தான் வேண்டும் என்றால் சொல்லை மாற்றுங்கள்: "வி ஆர் நொட் ஏபிள் டு". "ஏபிள்" ஆளைத்தான் கேட்கும். "லைக்லி" இன்னொரு விதம், "த பஸ் இஸ் லைக்லி டு பி லேட்" சரி. அதே கருத்துத்தானே என்று அங்கே "புரொபபிள்" போட்டால் பிழை.

"ஈஸி", "ஹார்ட்", "டிஃபிகல்ட்", "டேஞ்சரஸ்" போன்றவற்றில் எழுவாயாக நிற்பது அந்தச் செயலுக்கு உள்ளாகும் பொருள். நீங்கள் போய்ச் சேரும் இடம் பொத்துவில், ஆகவே "பொத்துவில் இஸ் ஈஸி டு ரீச் ஃப்ரம் பட்டிக்கலோ". இதில் "ரீச் இட்" என்று திரும்ப எழுதக் கூடாது, பொத்துவில்தான் ஏற்கனவே முன்னுக்கு நிற்கிறதே. "எலிஃபன்ட்ஸ் ஆர் டேஞ்சரஸ் டு அப்ரோச்" என்பதும் அப்படியே. ஆனால் வினைக்குப் பின் "இன்", "ஒன்" வரவேண்டியதாக இருந்தால் அதை விழுத்த வேண்டாம்: "த ரூம் இஸ் நைஸ் டு ஸ்டே இன்". பிள்ளைகள் கடைசி "இன்"னை விட்டுவிடுவார்கள், அங்கேதான் புள்ளி போகிறது.

நிந்தவூர்_ராத்தா:
மிஸ் சொன்னது சரி. அதோடு அந்த "ஃபோர்" எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆளுடைய குணத்தைச் சொல்லும்போது "ஒஃப்" வரும். "இட் வோஸ் கைண்ட் ஒஃப் யூ டு வெயிட்" என்று எழுதினால் அந்த வெள்ளைக்காரருக்கும் மனம் குளிரும். "இட் இஸ் இம்போர்ட்டன்ட் ஃபோர் யூ டு கம் ஆஃப்டர் டுவெல்வ்" என்பதில் குணம் எதுவும் இல்லை, அதனால் "ஃபோர்".

வந்தாறுமூலை77:
அப்படியென்றால் "இன்டரஸ்டட் டு" மட்டும் எப்போதும் பிழைதானே? "இன்டரஸ்டட் இன்" போட்டு "இங்" போடுவதுதான் சரி.

கல்லடிப்பாலம்:
எப்போதும் இல்லை. "ஐ வுட் பி இன்டரஸ்டட் டு நோ யுவர் பிளான்" நல்ல ஆங்கிலம். அறிவது, கேட்பது, பார்ப்பது போன்ற வினைகளோடு "டு" வரும். "ஐ ஆம் இன்டரஸ்டட் டு வேர்க் இன் யுவர் ஹோட்டல்" என்பதுதான் இடிக்கும், அங்கே "இன் வேர்க்கிங்".

வந்தாறுமூலை77:
அதை யார் நினைவில் வைத்திருப்பது? பிள்ளைக்கு ஒரே விதி சொன்னால்தான் பிடிபடும். பாஸிக்குடாவில் வேலை செய்யும் பொடியன்கள் ஒரு விதியும் படிக்கவில்லை, வெள்ளைக்காரரோடு கதைத்துக் கதைத்தே பழகினார்கள். எங்கள் டியூசன் பிள்ளைகளோ விதிக் கொப்பி நிரம்பியும் வாய் திறக்க மாட்டார்கள்.

இலக்கணக்காவலன்:
கதைப்பது வேறு, எழுதுவது வேறு. கதையில் கையும் முகமும் சேர்ந்து பிழையை மூடிவிடும். எழுத்தில் மூட ஒன்றுமில்லை. விதி இல்லாமல் எழுதுபவருக்கு எங்கே பிழை என்றே தெரியாது, இந்த இழையே அதற்குச் சாட்சி.

களுவாஞ்சி_மிஸ்:
கேட்க வந்த பிள்ளையைச் சாட்சியாக நிறுத்த வேண்டாம் சேர். வந்தாறுமூலைத் தம்பி சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு அட்ஜெக்டிவையும் தனியே பாடமாக்காமல் வசனமாகவே கேட்டு வாங்கிக்கொண்டால் அதன் பின்னால் எது வரும் என்பதும் சேர்ந்து வந்துவிடும். ஆனால் ஒரே விதியாகச் சுருக்கப் போனால் அதுவே பிழையாகிவிடும். "அஃப்ரெய்ட்" ஐ எடுங்கள். கடலில் இறங்கப் பயம் என்றால் "அஃப்ரெய்ட் டு சுவிம்" எனலாம், "அஃப்ரெய்ட் ஒஃப் சுவிமிங்" எனலாம். மூழ்கிவிடுவேனோ என்ற பயத்துக்கு "அஃப்ரெய்ட் ஒஃப் டிரவுனிங்" மட்டும்தான், ஏனென்றால் மூழ்குவது நாம் விரும்பிச் செய்வதில்லை. இதை எந்த ஒற்றை விதிக்குள் அடக்குவது?

வந்தாறுமூலை77:
அது நல்ல உதாரணம் மிஸ், எழுதி வைத்துக்கொள்கிறேன். ஒரே விதி வேண்டும் என்பதை மட்டும் நான் விடவில்லை.

நிந்தவூர்_ராத்தா:
அலைத் தம்பி, பஸ் விஷயத்தையும் முழுதாக எழுதிவிடுங்கள். மட்டக்களப்பில் இறங்கி, கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில், அங்கிருந்து அறுகம்பேக்கு ஆட்டோ. "ஈஸி டு ரீச்" என்று மட்டும் எழுதினால் அந்த ஆள் ரயில் நிலையத்தில் நின்று கடலைத் தேடுவார்.

பொத்துவில்_அலை:
மிஸ் சொன்னபடி மாற்றி அனுப்பினேன், ராத்தா சொன்ன வழியும் போட்டேன். கோடு போய்விட்டது. பன்னிரண்டுக்குப் பிறகு வருவதாக மறுமொழி வந்திருக்கிறது. "பேக்கை மட்டும் காலையில் வைக்கலாமா" என்றும் கேட்கிறார், "யூ ஆர் வெல்கம் டு லீவ் யுவர் பேக்ஸ்" சரிதானே?

களுவாஞ்சி_மிஸ்:
சரி மகன், அப்படியே அனுப்புங்கள். "வெல்கம்" ஆளைத்தான் கேட்கும்.

ஏறாவூர்_புதியவன்:
நானும் ஒன்று கேட்கலாமா? "த டீ இஸ் டூ ஹொட் டு டிரிங்க் இட்" என்று எழுதினேன், பிழை என்கிறார்கள். ஏன்?

கல்லடிப்பாலம்:
மிஸ் பொத்துவிலுக்குச் சொன்னதைத் திரும்ப வாசியுங்கள், டீ முன்னுக்கே நிற்கிறது. கடைசி "இட்" ஐ எடுத்துவிடுங்கள்.