ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது? ஊர்ப்புறத்தில் ஸ்மார்ட்போன் சொல்லித்தருபவர்களின் அனுபவப் பகிர்வு

நூலகத்தில் வகுப்பு எடுப்பவர்

முதல் நாளே ஜிபே சொல்லித்தர உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு வேலை நடக்காது. வங்கிக் கணக்கில் ஒரு நம்பர், ஆதாரில் ஒரு நம்பர், கையில் இருக்கும் சிம் வேறொன்று. கணக்குத் தொடங்கியபோது மகன் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். மகன் இப்போது திருப்பூரில் இருப்பான். ஓ.டி.பி. அங்கே போய் விழும், இங்கே அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் முதல் வகுப்புக்குப் போன் வேண்டாம், ஒரு நோட்டு போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: இப்போது பேசும் நம்பர், வங்கியில் உள்ள நம்பர், ஆதாரில் உள்ள நம்பர். ஆதாரில் எது இருக்கிறது என்று மறந்துபோனவர்களுக்கு வழி உண்டு. ஆதார் இணையதளத்தில் 'ஆதாரைச் சரிபார்' பகுதியில் எண்ணைப் போட்டால், இணைத்த செல்போன் நம்பரின் கடைசி 3 இலக்கம் காட்டும். அந்த இடம் காலியாக வந்தால் நம்பரே இணைக்கவில்லை என்று பொருள். ஆதார் மையத்தில் மாற்றக் கட்டணம் 75 ரூபாய். வங்கி நம்பரை மாற்றக் கிளைக்குப் பாஸ்புக்கும் ஆதாரும் கொண்டுபோகச் சொல்லுங்கள். இரண்டும் முடிந்து வருபவர்களோடு அடுத்த வகுப்பைத் தொடங்கினால் நேரம் வீணாகாது.

நோட்டில் யு.பி.ஐ. பின் எழுதக் கூடாது என்பதை அன்றே சொல்லிவிட வேண்டும். போன் உறைக்குள் துண்டுச் சீட்டில் எழுதிச் செருகி வைப்பவர்கள் நிறைய.

செல்போன் பழுதுபார்ப்பவர்

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்கணும். நம்பர் சரியாக இருந்தும் யு.பி.ஐ. பதிவு நிற்கிற இடம் எஸ்.எம்.எஸ்.தான். பதிவு செய்யும்போது ஆப் அந்த சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். ரீசார்ஜ் முடிந்த சிம்மில் அழைப்பு உள்ளே வரும், வெளியே எஸ்.எம்.எஸ். போகாது. டேட்டா மட்டும் போட்டிருந்தாலும் இதே கதை. 'சரிபார்க்க முடியவில்லை' என்று வந்ததும் ஆப்பை அழித்துத் திரும்ப ஏற்றுவார்கள். அதில் ஒரு பயனும் இல்லை. அந்த போனிலிருந்து வேறொரு நம்பருக்குச் சாதாரண எஸ்.எம்.எஸ். ஒன்று அனுப்பிப் பாருங்கள். அது போனால் பதிவும் போகும். இரண்டு சிம் போனில் வங்கி நம்பர் எந்த சிம்மோ அதைத்தான் ஆப் கேட்கும் இடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சும்மா கிடக்கும் சிம் ஆபத்தும்கூட. 90 நாள் அழைப்பு, எஸ்.எம்.எஸ்., டேட்டா எதுவும் இல்லாமல் கிடந்தால் இணைப்பு துண்டிக்கப்படலாம். பிறகு அந்த நம்பர் வேறு யாருக்காவது போய்ச் சேரும். வங்கியில் அதை மாற்றாமல் விட்டிருந்தால் உங்கள் கணக்கின் செய்தி அந்நியர் போனில்.

இன்னொன்று, விரல். வயதானவர்கள் திரையைத் தொடுவதில்லை, அழுத்துகிறார்கள். பட்டன் போனில் பழகிய கை. அழுத்திப் பிடித்தால் ஐகான் நகரும், ஆப்பை நீக்கட்டுமா என்று கேட்கும், அவர்கள் பயந்துபோய் எதையோ தொடுவார்கள், வாட்ஸ்அப் காணாமல் போகும். அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் 'தொட்டுப் பிடிக்கும் நேரம்' என்று ஒன்று உண்டு. அதை 'நீளம்' என்று வையுங்கள். தடியான கண்ணாடி ஒட்டிய போனாக இருந்தால் தொடு உணர்திறனையும் கூட்ட வேண்டும். களை எடுத்துக் காய்ப்பேறிய விரலைத் திரை ஏற்க மறுக்கும். நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதி படும்படி வைக்கச் சொன்னால் பெரும்பாலும் எடுக்கும்.

நூலகத்தில் வகுப்பு எடுப்பவர்

எழுத்துப் பெரிதாக்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடைசி அளவு வரை இழுத்துவிட்டால் சில ஆப்களில் 'தொடர்க' பட்டன் திரைக்குக் கீழே ஒளிந்துகொள்கிறது. ஆப் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டு படி மட்டும் கூட்டிவிட்டு, மேலே தள்ளிப் பார்க்கும் பழக்கத்தைச் சொல்லித்தருவது நல்லது.

போனைத் தமிழுக்கு மாற்றலாமா? வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மாற்றலாம். ஆனால் வீட்டில் உதவுகிற பேரன் ஆங்கிலப் பெயர்களில்தான் சொல்வான், போனில் வேறு சொல் இருக்கும், சண்டைதான் மிஞ்சும். பெயரை விட்டுப் படத்தைப் பழக்குங்கள்: பல்சக்கரம், மூன்று புள்ளி, மைக். தட்டச்சுக்கு அவசரமே இல்லை. ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகை ஆப்பில் தமிழைச் சேர்த்து மைக்கைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக வந்துவிடும். 'அரிசி விலை என்ன' என்று பேசி அது எழுத்தாவதைப் பார்க்கும் நிமிடத்தில் பாதிப் பயம் போய்விடும். கையால் எழுதும் வசதியும் அதே ஆப்பில் இருக்கிறது, அதைச் சீண்டுவார் இல்லை.

வங்கி முகவராக இருப்பவர்

ஸ்மார்ட்போனே இல்லாதவர்களை விட்டுவிட்டீர்கள். சாதாரண போனில் *99# போட்டால் இணையம் இல்லாமலே யு.பி.ஐ. ஓடும், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. மெனு ஒவ்வொன்றாக வரும். யோசித்துக்கொண்டிருந்தால் இணைப்பு அறுந்து முதலில் இருந்து தொடங்கணும். ஆகவே யாருக்கு, எவ்வளவு என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொண்டு டயல் செய்யச் சொல்லுங்கள்.

எங்களிடம் பெரும்பாலானோர் வருவது ஆதார் விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க. ரேகை தேய்ந்த கைகளுக்குத் திரும்பத் திரும்ப மறுக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்து, கருவியின் கண்ணாடியையும் துடைத்துவிட்டு, மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டைவிரல்தான் என்று சட்டம் எதுவும் இல்லை. நெடுநாளாக எந்த விரலும் எடுக்காவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கணும்.

இங்கேதான் ஏமாற்றும் நடக்கிறது. எல்லா முகவரும் ஒன்றல்ல. 'விரல் விழல, இன்னொரு தரம் வைங்க' என்று சொல்லும்போது முதல் தடவையே பணம் போயிருக்கலாம். பழக்க வேண்டிய வரிசை இது: முதலில் இருப்பு மட்டும் பார், சீட்டு வாங்கு. பிறகு பணம் எடு, சீட்டு வாங்கு. தோல்வி என்றால் தோல்விச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகே அடுத்த தடவை விரல் வை. சந்தேகம் இருந்தால் கடைசியில் மினி ஸ்டேட்மென்ட் கேள்; எத்தனை தடவை போனது என்று அதில் நிற்கும்.

இ-சேவை மையம் நடத்துபவர்

இதற்குப் பயந்து, யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆதார் ரேகையை இணையத்தில் பூட்டிவைக்கச் சொல்கிறார்கள் சிலர். பூட்டு நல்லதுதான். ஆனால் பூட்டியதைச் சொல்லாமல் விட்டால் ரேஷன் கடையில் விரல் ஏற்காது, ஓய்வூதியத்துக்கு விரல் வைத்து உயிர்ச்சான்று கொடுக்கவும் முடியாது. பாட்டி வரிசையில் நின்று வெறும் பையோடு திரும்புவார். திறக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டும் பூட்டுங்கள்.

எங்கள் மேசைக்கு வரும் புகார்களில் இப்போது தலைவலி ஏ.பி.கே. கோப்புகள், அதாவது தொட்டால் ஆப்பை நிறுவிவிடும் கோப்புகள். வாகன அபராதம் என்றோ கல்யாணப் பத்திரிகை என்றோ வாட்ஸ்அப்பில் வரும், அதுவும் தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டிக்கொண்டது. தொட்டு நிறுவியதும் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓ.டி.பி. நேராக மோசடிக்காரர்களிடம். 'ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே' என்ற பாடம் இதற்கு உதவாது, யாரும் கேட்பதே இல்லையே. செய்ய வேண்டியது ஒரே அமைப்பு: ஆப்களுக்கான சிறப்பு அணுகலில் 'அறியப்படாத ஆப்களை நிறுவு' என்பதற்குள் போய் வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் மூன்றுக்கும் அனுமதியை அணைக்கவும். ஒரு போனுக்கு இரண்டு நிமிடம். வகுப்பு முடிந்து வெளியே போகுமுன் எல்லார் போனிலும் செய்துவிடலாம்.

மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று வரும் செய்தி பழசாகிவிட்டது, ஆனாலும் ஆள் விழுகிறார்கள். மின்வாரிய அட்டையில் இருக்கும் நுகர்வோர் எண் அந்தச் செய்தியில் இருக்கிறதா என்று பார்க்கப் பழக்கினால் போதும்.

வங்கி முகவராக இருப்பவர்

யு.பி.ஐ. வகுப்புக்குப் போலிப் பணம் வேண்டாம், நிஜமாக 1 ரூபாய். இருவர் இருவராக உட்காரவைத்து மாறி மாறி அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரை உரக்க வாசிக்க வேண்டும், அப்புறம்தான் பின். வாங்குபவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பணம் வர அவர் எதையும் தொடவில்லை, பின் போடவில்லை என்பது அப்போது கண்ணெதிரே தெரிகிறது. பணம் தருகிறேன், இதை ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்கள் என்று நாளை யாராவது சொன்னால் அந்தக் கட்டிய கை ஞாபகத்துக்கு வரும்.

புதிதாகப் பதிந்தவர்களுக்கு முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. பெட்டிக்கடைக்காரர் சரக்குக்குப் பணம் அனுப்பப் போய் நின்றுவிட்டு எங்களைத் திட்டுவார். முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இ-சேவை மையம் நடத்துபவர்

பணம் போய்விட்டால் உடனே 1930, இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண். காவல் நிலையத்துக்கு அலைந்துவிட்டு மறுநாள் அடிப்பதில் பயன் குறைவு. பணம் அடுத்த கணக்குக்கு நகருமுன் நிறுத்துவதுதான் அந்த எண்ணின் வேலை. கேட்கப்போவது: எந்த வங்கி, எத்தனை மணி, எவ்வளவு, பரிவர்த்தனையின் 12 இலக்க எண். வங்கி எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காமல் வைத்திருந்தால் எல்லாம் அதிலேயே கிடைக்கும். வங்கிக்கும் உடனே சொல்லிப் புகார் எண் வாங்கணும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வாடிக்கையாளர் தவறில்லாமல் வெளியாள் எடுத்த பணத்துக்கு 3 வேலை நாளுக்குள் சொன்னால் அவருக்குப் பொறுப்பு கிடையாது. ஓ.டி.பி.யைத் தானே கொடுத்திருந்தால் வங்கிக்குச் சொல்லும்வரை போனது அவர் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். அதனால்தான் நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்கிறோம்.

நூலகக்காரர் சொன்ன அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1930-ஐயும் வங்கிக் கிளையின் எண்ணையும் பெரிதாக எழுதிவிடுங்கள். போனிலேயே சேமித்தால் போதாதா என்று கேட்பார்கள். போன் திருடுபோன அன்றும் அந்த எண் வேணுமே.