புதுப்பிப்பு: ராஜராஜன் காசு மட்டும் என்ற சபதம்

பழங்காசு சேர்க்க இலக்கு வேண்டுமா, கண்ணில் பட்டதை வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இலக்கு வை என்றீர்கள். சரி, ராஜராஜ சோழன் செப்புக்காசு மட்டும் என்று இறங்கினேன். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. அச்சு கொஞ்சம் நகர்ந்தாலே பாதிப் பெயர் காசுக்கு வெளியே போய்விடும். முழுப் பெயரோடு கிடைப்பதுதான் பாடு. ஐந்து சேர்ந்தது. ஒன்றின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு: அச்சடிக்காமல், உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்புப் போலி. பணம் போச்சு.

அப்புறம் போன ஞாயிறு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பித்தளைச் சாமான்களுக்கு நடுவே திப்பு சுல்தானின் யானை உருவக் காசு. இலக்காவது ஒன்றாவது, வாங்கிவிட்டேன். சேலம் 1792-இல் ஆங்கிலேயரோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை திப்பு வசம்தானே, நம்மூர்க் கணக்கில் சேரும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். இன்னும் நம்பவில்லை.